பெல்ட்டை வெட்டித் தரமாட்டேன்: வட சென்னை கேரவன், டூரிஸ்ட் வேன் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னையில் கேரவனும் டூரிஸ்ட் வேனும் வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு,

ஆடி சீசன் தொடங்குவதற்குள் வண்டிகளை எப்படித் தயார் செய்வது என்று நீங்கள் கூடிப் பேசியிருக்கிறீர்கள். அதில் எடுத்த ஒரு முடிவு குரல் பதிவாக எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. "பின்னாடி சீட்டு பெல்ட்டு எல்லாத்தையும் எடுத்துடு. கஸ்டமர் யாரும் போடறதில்ல. இடுப்புல குத்துதுன்னு கம்ப்ளெய்ண்ட்டுதான் வருது. வெட்டிட்டு மேல கவர் போட்டுடு." பேசியவர் யார் என்று குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பெயரை எழுதப்போவதில்லை. ஏனென்றால் இது அவர் ஒருவருடைய யோசனை இல்லை. உங்களில் பலர் சரி என்று தலையாட்டியதால்தான் அது உத்தரவாக எங்களிடம் வந்திருக்கிறது.

நான் வண்டிகளுக்கு குஷன் வேலை செய்கிறவன். மாதவரம் பக்கம் கடை. நீங்கள் முடிவு எடுத்தாலும் கத்தியை எடுக்க வேண்டியது என்னைப் போன்றவர்கள்தான். அதனால் கடை வாசலில் வைத்து முணுமுணுப்பதைவிட எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

முதலில் நீங்கள் ஓட்டுகிற வண்டி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஷூட்டிங்குக்குப் போகிற கேரவனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது லொக்கேஷனுக்குப் போய் நிற்கும். நின்ற பிறகுதான் ஆர்ட்டிஸ்ட் ஏறுவார், மேக்கப் போட்டுக்கொள்வார், சாப்பிடுவார், படுப்பார். வண்டி கிளம்பும்போது பின்னால் ஆள் இருக்கமாட்டார்கள். அந்த வண்டிக்குள் எல் வடிவ சோபா இருந்தாலும், பெட் இருந்தாலும், கிரானைட் மேடை இருந்தாலும் கேடு இல்லை. நீங்கள் செய்தது என்ன? அந்த நிற்கிற வண்டியின் உள்அலங்காரத்தை அப்படியே எடுத்து ஓடுகிற வண்டிக்குள் வைத்துவிட்டீர்கள். டிராவலர் வேனில் கம்பெனி கொடுத்த சீட்டில் பாதியைக் கழற்றிப்போட்டு, பக்கவாட்டில் சோபா, பின்னால் பெட், நடுவில் சாப்பாடு எடுத்துவைக்கிற சின்னப் பேன்ட்ரி மேடை, மேலே நீல லைட், பெரிய டிவி. அதில் பெரியபாளையத்துக்கும் சிறுவாபுரிக்கும் வேளாங்கண்ணிக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டிலும் ஈ.சி.ஆரிலும் ஓட்டுகிறீர்கள். கடைசியாக மிச்சம் இருந்தது பெல்ட். அதையும் இப்போது எடுக்கச் சொல்கிறீர்கள்.

போன ஆடியில் என் கடைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய வண்டி. தரையில் வேப்பிலை அப்படியே கிடந்தது, கால்மிதியில் மஞ்சள் தண்ணீர் கறை. காரனோடை தாண்டி வரும்போது முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றிருக்கிறது. டிரைவர் கெட்டிக்காரர். பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார். இடிக்கவில்லை, பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியும் உள்ளே பக்கவாட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா ரெக்சின்மேல் வழுக்கிக்கொண்டு போய் பேன்ட்ரி மேடை முனையில் மோதி காறை எலும்பை உடைத்துக்கொண்டார். பின்னால் பெட் ஓரம் வைத்திருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் உருண்டு வந்து ஒரு பையனின் கணுக்காலில் அடித்திருக்கிறது. விபத்து என்று எந்தப் பதிவிலும் இது வராது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே!

அந்த வண்டியை என்னிடம் எதற்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? மேடை முனையில் ஓரத்துக்கு அடித்த அலுமினியப் பட்டை உள்ளே மடங்கியிருந்தது. "அந்த முனையில ஸ்பாஞ்சு வெச்சு ரெக்சின் சுத்திக் குடுப்பா, யாருக்காவது பட்டுடப் போகுது" என்றார் ஓனர். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான். நான் சோபாவின் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு இடுப்பு பெல்ட், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கடையில் வாங்கிய பாலிதீன் கவரோடு கிடந்தன. பாடி கட்டினவர் கொடுத்ததை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கஸ்டமர் போடறதில்ல" என்கிறீர்கள். போடக்கூடிய நிலையில் அதை வைத்திருக்கிறோமா என்று ஒரு தடவை உங்கள் வண்டியின் பின் சீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். கவர் தைப்பவன் பெல்ட்டை மாட்டுகிற லாக்குக்கு ஓட்டை விடாமல் மூடியிருப்பான். கைவிட்டுத் துழாவினால் விரல் நுனியில் தட்டுப்படும், வெளியே வராது. வந்த லாக்குக்குள் என்ன இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள்: புளிசாதத்துப் பருக்கை, விபூதி, ஒரு ரூபாய்க் காசு, சாக்லெட் கவர், ஊக்கு. பெல்ட் முனையில் இருக்கிற இரும்பு நாக்கை உள்ளே தள்ளினால் பிடித்த மாதிரி இருக்கும், கையால் இழுத்தால் வந்துவிடும். இன்னொரு சீட்டில் லாக் முறுக்கிக்கொண்டு நிற்கும், உட்கார்ந்தவர் இடுப்பில் அதுதான் குத்தும். குத்துகிறது என்று சொன்ன கஸ்டமர் பொய் சொல்லவில்லை. அதற்கு லாக்கை நேராக்கி கவருக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். அரை மணி நேர வேலை. அதை விட்டுவிட்டு வெட்டச் சொன்னால் எப்படி?

பெல்ட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறது என்பது இன்னொரு குறை. இதற்கும் காரணம் பெல்ட் இல்லை. பெல்ட் சுற்றிக்கொள்கிற ரீலுக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டோ, ஊசல் மாதிரி ஒரு துண்டோ இருக்கும். வண்டி சடாரென்று வேகம் குறைந்தால் அது முன்னால் நகர்ந்து ஒரு கொக்கியைத் தூக்கிவிடும். கொக்கி பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும், பெல்ட் ஒரு விரற்கடைகூட அவிழாது. அந்தக் குண்டு சரியாக நிற்கவேண்டுமானால் ரீலை எந்தக் கோணத்தில் பூட்டவேண்டுமோ அந்தக் கோணத்தில் பூட்டவேண்டும். நம்மூர் பாடி கட்டுகிற இடத்தில் சோபாவுக்கு இடம் விடுவதற்காக ரீலைப் படுக்கவைத்தோ சாய்த்தோ திருகிவிடுகிறார்கள். குண்டு எப்போதும் நகர்ந்தபடியே இருக்கும், ரீல் எப்போதும் பூட்டியே இருக்கும். பயணி இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், வரவில்லை என்றால் விட்டுவிடுவார். பிறகு நீங்கள் யாரும் போடுவதில்லை என்பீர்கள்.

ரீலைவிட முக்கியம் போல்ட். இதைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லவேண்டும், ஏனென்றால் சீட்டைத் தூக்கிப் பார்க்கிற எங்களைத் தவிர வேறு யாரும் இதைப் பார்ப்பதில்லை. கம்பெனி வண்டியில் பெல்ட்டின் முனை வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடோ பாடியின் கெட்டியான சட்டத்தோடோ சேர்ந்திருக்கும். அங்கே வெல்டு வைத்த நட்டு, அடியில் பட்டையான தகடு, அதற்கென்றே செய்த, அதிக இழுவை தாங்குகிற ஹைடென்சில் போல்ட். நீங்கள் மாற்றிக் கட்டிய வண்டிகளில் நான் பார்ப்பது பிளைவுட்டில் முறுக்கிய மர ஸ்க்ரூ. கொஞ்சம் நல்ல வேலைக்காரனாக இருந்தால் ஜி.ஐ. ஷீட் என்கிற மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு சாதா போல்ட்டும் வாஷரும். கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது இடித்துப் பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளைப் பிடித்து நிறுத்த அந்த போல்ட்டுகள்மேல் ஏறக்குறைய 680 கிலோ பாரம் விழும். அது 40 கிலோமீட்டருக்கு. 80இல் போனால் வண்டியோடு சேர்ந்து ஆளின் உடம்பும் சுமக்கிற வேகசக்தி இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பிளைவுட் ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்?

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிற தாய்மார்களுக்கும் இதே கணக்குதான். 10 கிலோ குழந்தை அந்த நேரத்தில் 110 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தக் கையும் நிற்காது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால் இன்னும் மோசம், அம்மாவின் எடை முழுவதும் குழந்தைமேல் போய் அழுத்தும். இதையெல்லாம் ஏறும்போது டிரைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூட பெல்ட் இருக்கவேண்டுமே.

முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து, பின்னால் இருப்பவர்களுக்கு முன் சீட்டே தடுப்பு என்று உங்களில் ஒருவர் வாதாடினார். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்ததை நாடே பார்த்தது. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார். சாதாரண கார் இல்லை, ஏர்பேக் எல்லாம் இருந்த விலை உயர்ந்த வண்டி. பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவருமே இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் நாடு முழுவதும் பெல்ட் போடாமல் செத்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் பயணிகள், ஓட்டியவர்கள் இல்லை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒப்பிட்டுப் பாருங்கள், அதே வருடம் நம் தமிழ்நாட்டில் எல்லா சாலை விபத்துகளிலும் சேர்த்தே இறந்தவர்கள் 17,884 பேர்.

"எம்.டி.சி. பஸ்ல பெல்ட் இருக்கா? ஜனம் படியில தொங்கிக்கிட்டுப் போகுது, அத யாரும் கேக்கறதில்ல" என்று கேட்டவருக்கும் பதில் சொல்லவேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் மூலக்கடையில் ஊர்ந்து போகிற பஸ்ஸும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஈ.சி.ஆரில் பறக்கிற உங்கள் வண்டியும் ஒன்றாகிவிடாது. அதைவிட முக்கியம், உங்கள் வண்டியில் கம்பெனிக்காரன் பெல்ட் கொடுத்து விற்றிருக்கிறான். இல்லாததைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருப்பதைப் பிடுங்காதீர்கள் என்கிறேன்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெல்ட் போடாமல் ஓட்டினாலும், போடாத பயணியை ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் அதற்குத் தனியாக 1,000. முன்பக்கம் பார்த்த பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. இவை டிரைவரோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்பது 52ஆம் பிரிவு. அப்படி மாற்றின உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.124 என்று தனித் தரம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேருடைய ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்று இருக்கிறது, எத்தனை பேருடையதில் இன்னும் பழைய சீட் எண்ணிக்கையே இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் கேட்பார்.

வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்குகிற எஃப்.சி. அன்றைக்கு மட்டும் பக்கத்து வண்டி பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகிற வித்தையும் எனக்குத் தெரியும். டிரைவர் சீட் அலாரத்தை வாயடைக்க வெறும் கிளிப்பைச் செருகுகிறீர்களே, அதை விற்பதையே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தடுத்து, ஆன்லைன் கடைகளிலிருந்து 13,118 பதிவுகளை எடுக்கவைத்தது. இன்னமும் வண்டிக்கு வண்டி அது தொங்குகிறது.

இனி பராமரிப்பு. உங்கள் வண்டிகள் எங்கே நிற்கின்றன? பாதி வண்டி காசிமேட்டிலும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் உப்புக்காற்றில்தான் நிற்கிறது. ரீலுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கும் லாக்குக்குள் இருக்கிற ஸ்பிரிங்கும் இரும்பு. துரு ஏறினால் பெல்ட் உள்ளே போகாமல் தொங்கும், கதவில் மாட்டி நைந்துபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் நின்றது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு ஸ்பாஞ்சு மாற்றினோம், ரெக்சின் மாற்றினோம், மேட் மாற்றினோம். தரையோடு ஒட்டியிருக்கிற ரீலைக் கழற்றி மாற்றச் சொன்னபோது, "அது வேலை செய்யுது விடு" என்றுதான் பதில் வந்தது. மெதுவாக இழுத்தால் வருகிறது என்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. வேகமாகச் சுண்டி இழுத்தால் பூட்டவேண்டும். சேறு புகுந்த ரீலை அந்த நேரத்தில் நம்பமுடியாது.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நைந்த பெல்ட்டை "ரெண்டு தையல் போட்டுக் குடு" என்று என்னிடம் கொண்டுவராதீர்கள். அது பாலியஸ்டர் நூலைப் பட்டையாக நெய்தது. இழுவை முழுவதும் நீளவாக்கில் ஓடுகிற அந்த இழைகளில்தான் நிற்கிறது. என் மிஷின் ஊசி குத்துகிற ஒவ்வொரு இடத்திலும் இழை அறுபடும். கம்பெனியில் கட்டம் கட்டமாக நெருக்கிப் போட்டிருக்கிற தையல் வேறு மிஷின், வேறு நூல். சோபா கலருக்குச் சேரவேண்டும் என்று பெல்ட்டுக்குச் சாயம் ஏற்றவும் சொல்லாதீர்கள். சாயமும் பிளீச்சும் பெயிண்ட் தின்னரும் பெல்ட்டைக் கெடுக்கும். அழுக்கு போகவேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டுத் துடைத்து, முழு நீளமும் வெளியே இழுத்து நிழலில் காயவைத்து, ஈரம் போன பிறகு உள்ளே விடவேண்டும். லாக்குக்கு எண்ணெய் விடுவதும் கூடாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விபத்தில் சிக்கிய வண்டியின் பெல்ட்டை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் ரீல், லாக்கோடு சேர்த்து மாற்றியே ஆகவேண்டும். ஒரு தடவை ஆளைத் தாங்கின பெல்ட் நீண்டிருக்கும். புதுப்பேட்டையில் பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்கள், அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்று யோசிப்பதில்லை.

சோபாவையும் பெட்டையும் பற்றி. பக்கவாட்டு சோபாவுக்கு நல்ல பெல்ட்டே போட்டாலும், பிரேக் பிடிக்கும்போது உடம்பு இடுப்பில் இருந்து பக்கவாட்டில் ஒடிகிற மாதிரிதான் சாயும். தோள் பெல்ட் இருந்தால் கழுத்தை அறுக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரைப் பிடிக்கத்தான் பெல்ட் செய்யப்பட்டிருக்கிறது. பெட்டில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் உங்களில் சிலருடைய போஸ்டரில் "இரவு முழுக்கப் படுத்துக்கொண்டே வேளாங்கண்ணி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குத் தண்டையார்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் எத்தனை குடும்பங்கள் கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும். பெட்டுக்கு அடியில் கட்டாமல் வைத்திருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியின் எடை 50 கிலோவுக்கு மேல். இடித்தால் அதுவும் ஒரு பயணியைப் போலத்தான் முன்னால் பறந்து வரும், அதற்கு பெல்ட்டும் இல்லை, பயமும் இல்லை.

கவிழ்ந்தால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் போகும் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. கவிழ்கிற வண்டியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஜன்னல் வழியாகத் தூக்கி வீசப்படுவதும் உள்ளே உருள்வதும்தான். பயம் இருந்தால் டிரைவர் பக்கத்தில் பெல்ட் அறுக்கிற சின்னக் கத்தியும் கண்ணாடி உடைக்கிற சுத்தியலும் வையுங்கள். அதை நானும் வரவேற்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களிடம் கேட்பது இவைதான்.

குரல் பதிவு எந்தக் குரூப்பில் வந்ததோ அதே குரூப்பில், அந்த முடிவு வாபஸ் என்று இன்னொரு பதிவு வரவேண்டும். எங்களுக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதாது. குஷன் கடைக்காரர்கள் எல்லோரும் என்னைப் போல மறுத்துவிடமாட்டார்கள், மறுக்கிற வசதி எல்லோருக்கும் இல்லை. ஏற்கெனவே வெட்டிய வண்டிகளுக்கு, அந்த மாடலுக்குரிய முழு செட்டைக் கம்பெனி டீலரிடம் வாங்கி, பழைய போல்ட் இருந்த அதே இடத்தில் பூட்டவேண்டும். பிளைவுட்டிலும் ஷீட்டிலும் முறுக்கியவற்றை அடியோடு எடுத்துவிட்டு, சேஸியோடு சேர்க்க வழியில்லாத இடத்தில் சீட் என்று எதையும் கணக்குக் காட்டக்கூடாது.

எத்தனை பெல்ட்டோ அத்தனை ஆள்தான் ஏற்றவேண்டும். புக்கிங் எடுக்கும்போதே இதைச் சொல்லி, பில்லிலும் எழுதிவிடுங்கள். சோபாவும் பெட்டும் வண்டி நிற்கும்போது மட்டும் என்று உள்ளே தமிழில் பெரிதாக ஒட்டுங்கள். "படுத்துக்கொண்டே" என்ற போஸ்டரைக் கிழித்துவிடுங்கள். பேட்டரி, கேஸ் அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பட்டை போட்டுத் தரையோடு கட்டுங்கள்.

டிரைவர்களுக்கு ஓர் அதிகாரம் கொடுங்கள்: எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் கியர் போடுவேன் என்று சொல்ல. கஸ்டமர் கோபப்பட்டு உங்களுக்கு போன் செய்தால், டிரைவர் பக்கம் நில்லுங்கள். அதற்காக அவர் பேட்டாவில் கை வைக்காதீர்கள். அபராதம் விழுந்தால் அது பெல்ட் இல்லாத வண்டியைக் கொடுத்த உங்களுடையது, அவருடையது இல்லை.

ஒவ்வொரு பெரிய டிரிப்புக்கும் முன்னால் டிரைவரும் கிளீனரும் எல்லா சீட்டிலும் உட்கார்ந்து பெல்ட்டைச் சுண்டி இழுத்து, முழு நீளமும் பார்த்து, லாக் போட்டு, பிடித்து இழுத்து, ஒரே விரலால் கழற்றிப் பார்க்கட்டும். வண்டியைக் கழுவுகிற நேரம்கூட ஆகாது. கவர் வேலைக்கு என்னிடம் வருகிற வண்டிகளில் புதைந்துபோன லாக்குகளை வெளியே எடுத்து, கவரில் ஓட்டை விட்டுத் தைத்துத் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். போல்ட் துருப்பிடித்திருந்தால் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். மாற்றவேண்டியது உங்கள் பொறுப்பு.

ஆடி முதல் வெள்ளிக்குள் உங்கள் பதிலைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெல்ட் வெட்டிய வண்டி பெரியபாளையம் டிரிப்புக்குக் கிளம்புவதை நான் பார்த்தால், வண்டி நம்பரோடும் போட்டோவோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிப்போடுவேன். இதைச் சொல்லாமல் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாதவரத்தில் குஷன் கடை வைத்திருப்பவன்